வளைவு அறுக்கும் மெஷினைப் பற்றி நீ கேட்டதற்கு

மக்கா ஜெபா,

போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் இரண்டு விஷயம் இருந்தது. கல்யாணம் முடிந்ததும் நீயும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரில் சொந்தமாகப் பட்டறை போடப்போகிறீர்கள், இலை, மீன், பிறை என்று வளைவு வளைவாகக் கல் அறுப்பதற்கு எந்த மெஷின் வாங்கலாம் என்பது ஒன்று. கல்யாணக் கார்டில் அப்பா பெயரைப் போட வேண்டாம், சபைக் கோயிலில் உன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக செல்வின் மாமா வந்தால் போதும் என்பது மற்றொன்று. அந்த இரண்டாவதை நீ கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. "அந்த ஆளு பேரு எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டு சாப்பாட்டுப் பந்தி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. போனில் சொன்னால் நீ பாதியில் கட் பண்ணுவாய், இல்லையென்றால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் பேப்பரில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். முழுவதையும் படி. படிக்கும்போது என்மேல் வெறுப்பு வரும். வரட்டும், எழுதுவதை நிறுத்த மாட்டேன்.

முதலில் மெஷின். வட்ட பிளேடு மெஷினிலேயே வளைவும் அறுக்கலாம் என்று கடைக்காரன் சொன்னால் நம்பாதே. அது நேராக அறுக்க மட்டும்தான். அதில் கல்லைத் திருப்பினால் பிளேடு சட்டி மாதிரி குழிந்துபோகும், கல்லின் ஓரம் பெயர்ந்து வரும். கம்பி மெஷின் எந்தப் பக்கம் திருப்பினாலும் அறுக்கும். கம்பியைக் கழற்றி மாட்டுகிற வகையாக இருந்தால், கல்லில் துளை போட்டு நுழைத்து நடுவிலிருந்துகூட வெட்டி எடுக்கலாம். ஆனால் மெதுவாகத்தான் போகும், அவசரப்பட்டால் கம்பி அறுந்துவிடும். பட்டை மெஷின் இந்த இரண்டுக்கும் நடுவில். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி வைரத்தூள் ஒட்டிய மெல்லிய பட்டை பிளேடு ஓடும். பிளேடு எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு நெருக்கமான வளைவில் திரும்பலாம். உன் இலைக்கும் மீனுக்கும் இதைத்தான் முதலில் வாங்க வேண்டும். மீனின் வால் போல உள்ளே ஒடுங்கும் இடம் வந்தால் ஒரே இழுப்பில் திருப்பப் பார்க்காதே. வெளியிலிருந்து கோடு வரைக்கும் நாலைந்து நேர்வெட்டுப் போட்டுவிட்டுப் பிறகு வளைவில் போ, துண்டு துண்டாக உதிர்ந்து இடம் கொடுக்கும். கோட்டை அலுமினியப் பென்சிலால் போடு, தண்ணீரில் அழியாது. கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு அறு, மீதியைச் சாணைக்கல் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் விழாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டாதே. கல் சூட்டில் வெடிக்கும், தூள் நெஞ்சில் போய் உட்காரும். வெட்டு முடியப்போகும்போது கையைத் தளர்த்து, கடைசியில் அழுத்துகிறவர்களுக்குத்தான் முனை உடையும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு நாளும் மெஷினை ஓட்டுவதற்கு முன் பிளேடில் நகத்தை வைத்து உரசிப் பார். நகம் தேய்ந்து வெள்ளையாகத் தூள் வந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. வழுக்கினால் வைரம் போய்விட்டது. வைரம் போன பிளேடு அறுக்காது, ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

இதெல்லாம் அம்மாவின் அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். ஜெய்ப்பூரில் நீ வேலைக்குச் சேர்ந்தபோதும் இதைத்தான் உனக்குச் சொன்னேன், உன் மேஸ்திரி பாராட்டினார் என்று சந்தோஷமாகச் சொன்னாய். பட்டை மெஷினைப் பற்றிச் சொன்னதில் ஒன்றுகூட என்னுடையதில்லை மக்கா. எல்லாம் உன் அப்பா எனக்குச் சொல்லித் தந்தது.

நான் கல்யாணத்துக்கு முன்பே கல் அறுக்கக் கற்றவள். குழித்துறை வீட்டின் பின்பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு வட்ட மெஷினும் ஒரு கம்பி மெஷினுமாக நானே பட்டறையை நடத்தினேன். நாகர்கோவில் நகைக்கடைகளுக்குச் சிலுவையும் புறாவும் வெட்டிக் கொடுப்பேன். உன் அப்பா அப்போது சவுதியில், தம்மாமில் வெல்டர். நீ பிறந்ததையே போட்டோவில்தான் பார்த்தார். உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு குழாய் சரிந்து வலது கையில் விழுந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் அதன்பிறகு மடங்கவில்லை. அங்கே வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வந்தவர் சும்மா இருக்கவில்லை. கொட்டகையில் வந்து உட்கார்ந்தார். ஒரு மாதம் நான் செய்வதைப் பார்த்தார். பிறகு, "பிள்ளே, வளைவுக்கு இந்தக் கம்பி போதாது. தம்மாம்ல இரும்பறுக்குத மாதிரி பட்டை மெஷின் ஒண்ணு வாங்குவோம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று எனக்கே தெரியாது. அவர் சொன்னதால் வேண்டாம், அவ்வளவுதான். அவர் வாங்கி வந்துவிட்டார்.

அந்த மெஷின் வந்தபிறகு என் கம்பி மெஷின் ஒரு நாளெல்லாம் செய்கிற வேலையை அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்தார், அதுவும் எட்டு விரலை வைத்துக்கொண்டு. கல்லை மேசையில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாகத் தள்ளுவார். வேலைக்கு இருந்த சரோஜா என்னிடம் சந்தேகம் கேட்பதை விட்டுவிட்டு, "அண்ணன் வரட்டும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். வாசலில் வந்து நிற்கிறவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே "அண்ணன் உண்டா?" என்று கேட்டார்கள். பத்து வருஷமாக நான் கட்டி எழுப்பிய இடத்தில் எட்டே மாதத்தில் நான் கூடமாட ஒத்தாசை செய்கிறவளாக ஆகிவிட்டேன். அவர் அதற்காக ஒன்றும் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சண்டை போட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் என்னைப் புகழ்வார். "இவ போட்ட அஸ்திவாரம்லா" என்று வருகிறவர்களிடம் சொல்வார். நான் அவருடைய பென்சிலை ஒளித்துவைத்தேன். சாப்பாட்டைக் கடைசியாகப் போட்டேன். உன் முன்னால் அவரை "விருந்தாளி" என்று கூப்பிட்டேன். நீ சின்னப் பிள்ளை, நான் செய்ததை எல்லாம் நீயும் செய்தாய்.

அப்போதுதான் பிலோமினா வந்தாள். இராஜாக்கமங்கலம் கடற்கரைக்காரி, அறுபது வயது இருக்கும். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவள் மகன் மஸ்கட்டில் படகு வேலைக்குப் போய் அங்கேயே இறந்துபோனான். உடலோடு அவன் பெட்டியும் வந்தது. பெட்டிக்குள் துணியில் சுற்றிய ஒரு அகேட் கல் இருந்தது, உள்ளங்கை அகலம், பிஸ்கட் கனம், வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பு வரி வரியாகத் தெரியும். யாருக்கென்று வாங்கினான் என்று அவளுக்குத் தெரியாது. "எனக்கொண்ணு, மருமொவளுக்கொண்ணு வேணும் மோளே. சேத்து வச்சா ஒண்ணாட்டு இருக்கணும்" என்று என்னிடம்தான் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா கல்லை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். "நடுவுல பாம்பு போனமாதிரி ஒரே வெட்டு அம்மா. மயிரிழை அளவுதான் பிளேடு தின்னும். ரெண்டும் பொருந்தும். சனிக்கிழமை வாங்க, உங்க கண்ணு முன்னால வெட்டித் தாறேன்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த இரண்டு விரல் மடங்காத கையை.

சனிக்கிழமை காலையில் அவர் மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். நான் கொட்டகைக்குப் போய் மெஷினில் இருந்த புது பிளேடைக் கழற்றினேன். "இது முடிஞ்சு" என்று போன வாரம் அவரே ஆணியில் தொங்கப்போட்டிருந்த பழைய பிளேடை எடுத்து மாட்டினேன். புதியதைச் சாக்குக்கு அடியில் வைத்தேன். புது பிளேடுதானே என்று அன்றைக்கு நகம் வைத்துப் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதலாம், எழுத மாட்டேன். கோபம் இல்லை. கை நிதானமாக இருந்தது. சக்கரத்தின் இறுக்கத்தைக்கூடச் சரியாக வைத்தேன், தொட்டால் சந்தேகம் வரக்கூடாது என்று. அந்தக் கல் உடையும் என்று எனக்குத் தெரியும். அது யாருடைய கல் என்றும் தெரியும்.

பிலோமினா வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நீ சரோஜா பக்கத்தில் நின்றாய். அவர் கோடு போட்டார், தண்ணீரைத் திறந்தார், மெஷினைப் போட்டார். நல்ல பிளேடு என்றால் கல் தொட்ட உடனே தண்ணீரோடு வெளிறிய சேறு இறங்கும். அன்றைக்குத் தண்ணீர் தெளிவாக ஓடியது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கொஞ்சம் அழுத்தினார். முதல் வளைவு எப்படியோ வந்துவிட்டது. அரை மணி நேரம் ஆனது அதற்கே. இரண்டாவது வளைவில் கல்லைத் திருப்பும்போது பிளேடு வெட்டுக்குள் வளைந்து, சக்கரத்தை விட்டு நழுவியது. கல் மேசையில் துள்ளி விழுந்து உடைந்தது. சத்தம் ரொம்பச் சின்னது.

நான் உடனே பேசினேன், தயாராக வைத்திருந்த மாதிரி. "ரெண்டு விரல் செத்த கைய வச்சுட்டு அடுத்தவங்க சாமானத்துல வெளையாடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா? இரும்பு ஒட்டத் தெரிஞ்சா கல்லு தெரியுமா?" என்றேன். அவர் மெஷினை அணைத்தார். நீ சிரித்தாய். "அப்பாக்க நொண்டிக் கை" என்று சொல்லிச் சரோஜாவைப் பார்த்துச் சிரித்தாய். உனக்கு ஞாபகம் இருக்காது. இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஒரு நல்ல தாய் விட்டிருப்பாள். ஆனால் நீ யார்மேல் கோபமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள இது உனக்கு வேண்டும். பிலோமினா எழுந்து வந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டாள். "மூணாட்டு ஆயிப்போச்சே. நாங்க ரெண்டு பேருதான உள்ளது" என்றாள். திட்டவில்லை, அழவில்லை. கணக்குச் சரியாக வராத மாதிரி அதையே இன்னொரு தடவை சொன்னாள். "எனக்க தப்புதான் அம்மா" என்று சொல்லி உன் அப்பா அவளோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனார்.

நாலாம் நாள், வெல்டிங் கண்ணாடியையும் இரண்டு செட் துணியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. இராஜாக்கமங்கலத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார், படகுக்காரர்களுக்கு வெல்டிங் வேலை செய்கிறார், பிலோமினா வீட்டுக்குக் கூரைத் தகடு மாற்றிக் கொடுத்தார் என்று பிறகு செய்தி வந்தது. அந்த வீட்டில் இளம் விதவை ஒருத்தி, பிலோமினாவின் மருமகள், இருக்கிறாள் என்பதும் சேர்ந்தே வந்தது. சபைப் பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி என் காதில் கேட்டாள், "உள்ளதா அக்கா, நெசந்தானா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். மறு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நீ பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். "ஆம்பிளைங்க அப்படித்தான் மக்கா" என்றேன். அந்தப் பெண் அதே வருஷம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள், இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள். எனக்கு அப்போதே தெரியும். அவர் உன் பள்ளிக்கூட வாசலில் இரண்டு தடவை வந்து நின்றார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து வந்து, "அந்த ஆளு வந்திருந்தாரு" என்று என்னிடம் சொன்னாய். அந்தச் சொல்லை நான்தான் உனக்குப் பழக்கினேன். மூன்றாவது தடவை அவர் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினான்கு வருஷம். இடையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். நீ ஜெய்ப்பூர் போகும்போது ரயில்வே ஸ்டேஷனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ என் பிள்ளையாக மட்டும் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் மனம் திருந்தி எழுதவில்லை. உன் மெசேஜில், உன் மாப்பிள்ளையும் உன்னோடு பட்டறையில் உட்காரப் போகிறார், சீக்கிரம் கற்றுக்கொள்கிறார், "என்னைவிட நல்லா கோடு போடுகாரும்மா" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம் இருந்தது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. நான் அதை நாலு தடவை போட்டுக் கேட்டேன். நீ என்னைப் போலத்தான் இருக்கிறாய் ஜெபா. அவர் உன்னைவிட நன்றாகச் செய்யும் நாள் வரும், வருகிறவர்கள் உன்னைத் தாண்டி அவரைத் தேடுவார்கள். அன்றைக்கு வாய்விட்டுச் சண்டை போடு. தட்டைத் தூக்கி எறி, இரண்டு நாள் பேசாமல் இரு. அமைதியாக மட்டும் இருக்காதே. நான் அமைதியாக இருந்த காலையில்தான் அதைச் செய்தேன்.

நேற்று முன்தினம் பஸ் ஏறி இராஜாக்கமங்கலம் போனேன். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு படகு எஞ்சினுக்கு இரும்புச் சட்டம் ஒட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "பிள்ளைக்கு ஏதாவது ஆச்சா?" என்று கேட்டார். இல்லை, கல்யாணம் என்றேன். "கொள்ளாம், நல்லது" என்று சொல்லி ஒரு தகர டின்னைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு அந்த பிளேடை நான்தான் மாத்திப் போட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"மெஷினைப் போடதுக்கு முன்னமே. நகத்த வச்சுப் பாத்தேன், வழுக்கிச்சு."

"பின்ன எதுக்கு வெட்டினீங்க?"

அவர் வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தார். "வாசிதான், வீம்பு. நீ நின்னு பாத்துட்டே இருந்தே. நீ மாத்திப் போட்ட பிளேடுலயே வெட்டிக் காட்டணும்னு ஒரு வாசி வந்தாச்சு. நிறுத்தியிருக்கணும். செத்துப்போன பயலுக்க கல்லு. நீயும் நானும் அத வச்சு மல்லுக்கட்டினோம். அந்த அம்மா முக்காலியில இருந்து பாத்துட்டு இருந்தாவ." பிறகு சொன்னார், "அவங்ககிட்ட இதை நான் அந்த வருஷமே சொல்லியாச்சு. ஒரு வருஷம் எனக்க முகத்தப் பாக்கல்ல. அதுக்கப்புறம் ஒரு நாள் மீன்கறி கொடுத்துவிட்டாவ."

பிலோமினா இன்னும் இருக்கிறாள். கண் சரியாகத் தெரியவில்லை. நான் திரும்பும்போது வாசலில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள், யாரென்று கேட்டாள். வழிகேட்டு வந்தவள் என்றேன். தைரியம் வரவில்லை என்று உனக்கு எழுதினால் அது பொய். சொல்ல விருப்பம் வரவில்லை.

கல்யாணத்துக்கு வருவீர்களா என்று அவரிடம் கேட்டேன். "அவ கூப்பிட்டா வருவேன். நீ கூப்பிட்டு வரமாட்டேன்" என்றார். பிறகு, குரலை உயர்த்தாமல், "நீ அந்தக் கோயிலுக்குள்ள இருந்தா நான் வாசலைத் தாண்ட மாட்டேன். இத நீயே அவகிட்டச் சொல்லணும்" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருக்கும் பதினான்கு வருஷம் ஆகியிருக்கிறது.

ஆக, இப்போது நீ முடிவு செய்ய வேண்டும். போதகர் "இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்" என்று கேட்கும்போது உன் அப்பா நிற்கலாம், அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன். இல்லையென்றால் செல்வின் மாமா நிற்கலாம், நான் முன்வரிசையில் இருப்பேன். அம்மா தானாகவே ஒதுங்கிக்கொள்கிறேன் மக்கா, நீ சந்தோஷமாக இரு என்று எழுதுவேன் என எதிர்பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம்வரை வந்திருப்பாய். எழுத மாட்டேன். எனக்கு வர வேண்டும். என் ஒரே பிள்ளையின் கல்யாணம். நான் ஒதுங்கினால் அதுவும் நான் உனக்காகச் செய்து வைத்த ஏற்பாடாக ஆகிவிடும். உன் கண்ணுக்கு முன்னால் நடந்ததை எல்லாம் நானே ஏற்பாடு செய்து வைத்தது போதும். என்னை வர வேண்டாம் என்று சொல்வதானால் நீயே, உன் வாயால், எனக்குப் போன் பண்ணிச் சொல்லு. அது உனக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும்.

அவருடைய நம்பரைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பார், மெஷின் சத்தம் இருக்காது. கல்யாணத்துக்கென்று எடுத்த சேலைக்கு நான் இன்னும் பிளவுஸ் தைக்கக் கொடுக்கவில்லை. தையல்காரி தினமும் கேட்கிறாள். உன் போன் வந்தபிறகு சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா